கதிரேசனை எழுப்பச் சொன்னவர்

சிவபாக்கியம் அக்கா இறந்துபோன செய்தி வந்தபோது நான் தலவாக்கலை பேக்கரியில் பாண் வாங்கக் கியூவில் நின்றுகொண்டிருந்தேன். நோட்டன் பிரிட்ஜிலிருந்து அவருடைய மகள் விஜி பேசினாள். "அம்மா போயிட்டாங்க சேர். காலையில எழுப்பப் போனேன், எந்திரிக்கல" என்றாள். அழவில்லை. எப்போது எடுக்கிறீர்கள் என்று கேட்டேன். நாளை இரண்டு மணிக்கு, அக்கரப்பத்தனையில் எங்கள் பழைய தேயிலைத் தோட்டத்திலேயே, என்றாள். போனை வைத்ததும் எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை. அப்பாடா என்றிருந்தது. இனிமேல் பஸ் ஸ்டாண்டில் நாலு பேருக்கு முன்னால் "என்ன சேர், இன்னைக்கு யாரைக் கொன்னீங்க?" என்று கேட்க ஆள் இல்லை. பாணை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, சம்பலோடு வயிறாரச் சாப்பிட்டேன். கை கழுவப் போனவன் குழாயை மூட மறந்து நின்றேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு ஒரு சின்னப் புத்தகம் போடுகிறோம், அக்காவைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதித் தாருங்கள் என்று தோட்டத்துப் பையன்கள் கேட்டார்கள். உட்கார்ந்து யோசித்தேன். நல்ல வார்த்தை நாலு தேறவில்லை. 'அன்பின் உறைவிடம், பொறுமையின் சிகரம்' என்று போன வருஷம் செத்துப்போன பழைய கிளாக்கருக்கு எழுதியதையே இவருக்கும் போட்டால், குழியிலிருந்து எழுந்து வந்து என் காதைத் திருகுவார். அக்கரப்பத்தனைப் பக்கத்தில் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர்கள் உங்களில் யாராவது உண்டா? ஆகவே நடந்ததை எழுதுகிறேன். நடந்ததில் நானும் யோக்கியன் இல்லை.

பதினேழு வருஷத்துக்கு முன்னால் நான் 'எட்டாம் நம்பர் மலை' என்று ஒரு காதல் நாவல் எழுதினேன். ஹட்டனில் ஒரு சின்ன அச்சகத்தில் முந்நூறு பிரதி போட்டேன். கொழுந்தெடுக்கும் ஒரு பெண், அவளைக் கட்டிக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுக் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போகும் கதிரேசன், இவ்வளவுதான் கதை. நூற்றெண்பது பக்கம் அவள் காத்திருக்கிறாள். முடிவில் கொழும்புக் கடையில் தீப்பிடித்து அவன் கருகிப் போகிறான். மறுநாள் காலை அவள் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போகிறாள். 'முற்றும்' என்றுகூட நான் போடவில்லை. போடாமல் விடுவதுதான் நவீனம் என்று அந்த வயதில் ஒரு நினைப்பு. அச்சகத்தில் பக்கக் கணக்கு ஒத்துவராமல் கடைசியில் மூன்று தாள்கள் வெள்ளையாகவே நின்றுவிட்டன. விற்காத பிரதிகளில் கொஞ்சத்தைத் தோட்டத்துக் கோயில் வாசிகசாலைகளுக்கு இனாமாகக் கொடுத்துவிட்டு, பாராட்டுக் கடிதங்களுக்காகக் காத்திருந்தேன்.

கடிதம் வரவில்லை, அக்காதான் வந்தார். நான் படிப்பித்த பாடசாலை விட்டுப் பிள்ளைகள் போய்க்கொண்டிருந்த நேரம். தலையில் போட்டிருந்த பொலித்தீனிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, வகுப்பறை வாசலில் ஒரு பெண் நின்றார். நாற்பத்தைந்து வயதிருக்கும். மத்தியான நிறுவை முடிந்த கையோடு வந்திருக்கிறார், இடுப்பில் ஈரம் படாமல் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்கவில்லை. கொழுந்து மலையில் நாற்பது பெண்களுக்குக் கங்காணி என்று சொல்லிக்கொண்டார். ஆண்களே பார்த்துவந்த வேலை அது. பையிலிருந்து என் நாவலை எடுத்துக் கடைசித் தாள்களைப் பிரித்துக் காட்டினார்.

"சேர், இதுல அச்சு விழல. பாருங்க, மூணு தாளும் வெள்ளையா இருக்கு. வேற ஒண்ணு குடுங்க."

"அக்கா, கதை அவ்வளவுதான். அதோட முடிஞ்சிருச்சு."

அவர் சிரித்தார். நான் விளையாடுகிறேன் என்று நினைத்திருக்கிறார். "நேத்து ஹட்டனுக்கே போய்க் கேட்டுட்டேன் சேர். அச்சாபீஸ்ல அந்தத் தம்பியும் இன்னொரு புத்தகத்த எடுத்துக் காட்டுச்சு. அதுவும் வெள்ளைதான். முந்நூறும் இப்புடித்தான் பழுதாப் போச்சு போல. பாவம் நீங்க."

முந்தின நாள் வேலையை விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி, விடுபட்ட பக்கத்தைக் கேட்டு ஹட்டன் வரை போயிருக்கிறார். என் நாவலுக்காக இப்படிச் சிரமப்பட்ட வாசகர் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. நானோ சிரிப்பை அடக்க முடியாமல் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பிறகு விவரம் சொன்னார். பத்து மணித் தேத்தண்ணி நேரத்தில் பெண்களை வடிகால் ஓரத்துக் கான் மேட்டில் உட்காரவைத்து, தினமும் இரண்டு மூன்று பக்கம் வாசித்துக் காட்டுவாராம். மூன்று மாதம் வாசித்திருக்கிறார். கதிரேசன் தீயில் போன இடம் வந்ததும் பெண்கள் தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டு, "சரி, மேல படிங்க" என்று காத்திருந்தார்களாம். மேலே ஒன்றும் இல்லை என்றதும் கங்காணி கடைசிப் பக்கத்தைக் கிழித்து ஒளித்துவைத்துவிட்டதாகப் பேச்சாகிவிட்டது.

"ஏன் சேர் சந்தேகப்பட மாட்டாங்க? நாங்க வருஷா வருஷம் மாசியில காமன் கூத்து வைக்கிறோம். காமனுக்கும் ரதிக்கும் கல்யாணம் பண்ணுவோம், காமனைக் கொளுத்துவோம், ரதி அழுவா. கொளுத்துனா மூணாம் நாளு எழுப்பணும். எழுப்பாம விட்டா தோட்டத்துக்கே ஆகாது. நீங்களும் தீயிலதான் கொண்டுபோய் விட்டிருந்தீங்க. சரி, மூணாம் நாளு இந்த வெள்ளைத் தாள்லதான் வரணும், அச்சுக்காரன் கோட்ட விட்டுட்டான்னு நெனச்சோம்."

மறுநாள் பெண்களின் வாயை அடைக்க அவரே ஒரு வேலை செய்திருக்கிறார். அந்த வெள்ளைத் தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு, எழுத்தைப் பார்த்துப் படிப்பதுபோலவே, கதிரேசன் வெந்த கையோடு ரயில் கோச்சியில் வந்து இறங்கினான் என்று படித்துவிட்டார். பெண்கள் கைதட்டினார்களாம். ஒருத்தி அவருக்கு வெற்றிலை மடித்துக் கொடுத்தாளாம். அப்புறம் என்ன, முடிந்ததே என்றேன்.

"அது என் வாய்க்கத சேர். நான் சொன்ன பொய்ய நானே எப்புடி நம்புறது? அச்சுல இருந்தா வேற." பிறகு குரல் இறங்கியது. "எங்க மலையில ஒரு புள்ள இருக்கு. அதுக்குப் பேசி வச்ச பையனும் கொழும்புக் கடையிலதான் இருந்தான். ஒன்பது மாசமா ஒரு சேதி இல்ல. இந்தக் கதையக் கேட்டுட்டுத்தான் அந்தப் புள்ள மனசத் தேத்திக்கிட்டு இருந்துச்சு. இப்ப வேற எடத்துக்கு வாக்குக் குடுக்கச் சொல்லி வீட்டுல நெருக்குறாங்க. ஒரு பக்கம் எழுதிக் குடுங்க. ஒரே ஒரு பக்கம். உங்க கையெழுத்துல இருந்தாலும் போதும்."

நான் எழுதிக் கொடுத்திருக்கலாம். மேசையில் பேனா இருந்தது, கொப்பி இருந்தது, கால் மணி நேர வேலை. ஆனால் எனக்கு முப்பத்தொரு வயது, நான் எழுத்தாளன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அந்தம்மாவுக்கு யதார்த்தம் பற்றி ஒரு பாடம் நடத்தினேன்.

"யதார்த்தம்னா என்னாங்க சேர்?"

"உள்ளதை உள்ளபடி எழுதறது."

"மூணாம் நாளும் உள்ளதுதானே?"

எனக்குச் சுருக்கென்றது. கோபம் வந்தால் நான் இலக்கணத் தமிழுக்கு மாறிவிடுவேன், இது என் பழைய வியாதி. "வாசகருடைய ஆசைக்கேற்ப முடிவை மாற்றி எழுதுவது என் வேலை இல்லை. நான் ஆறுதல் சொல்லும் சாமியார் அல்ல" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க டவுன் ஆளுங்க சேர். உங்க அப்பாவுக்குத் தலவாக்கலையில புடவைக்கடைதானே? கூத்துப் பாக்க வருவீங்க. கொளுத்துறதப் பாத்துட்டு வேனுல ஏறிப் போயிருவீங்க. மூணாம் நாளு ஒங்க ஆளுக ஒருத்தரையும் நான் கண்டதில்ல."

உண்மை. சின்ன வயதிலிருந்து எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், எல்லாம் தீ வரைக்கும்தான். எழுப்புவதை ஒருநாளும் பார்த்ததில்லை, அப்படி ஒன்று இருக்கிறதென்று யோசித்ததும் இல்லை. அதை ஒத்துக்கொள்ளும் பெருந்தன்மை அன்றைக்கு எனக்குக் கிடையாது. அவர் புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டு, "நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. ஆனா அரைப் பேருதான் போடுவேன்" என்று போய்விட்டார். குறித்த கிலோ கொழுந்து எடுக்காதவர்களுக்குத் தோட்டத்தில் அரைப் பேர்தான் விழும், அரைநாள் வேலை செய்ததாகத்தான் பதிவாகும். மூன்று வருஷம் உட்கார்ந்து எழுதியவனைப் பார்த்து ஒரு கங்காணி அரைப் பேர் என்கிறார். கொதித்துப் போனேன்.

அந்தக் கொதிப்பை ஒரு மாதம் வைத்திருந்து தீர்த்துக்கொண்டேன். ஹட்டனில் ஒரு மண்டபத்தில் நாவலுக்கு விமரிசனக் கூட்டம் நடந்தது. ஏற்புரையில், ஒரு வாசகி வெள்ளைத் தாளைத் தூக்கிக்கொண்டு அச்சகத்துக்குப் போன கதையைச் சொன்னேன். அவர் பேசியதுபோலவே குரலை மாற்றி, "அச்சு விழல சேர்" என்று நடித்துக் காட்டினேன். மண்டபமே சிரித்தது. மூன்றாவது வரிசையில், நீலச் சேலை கட்டி, தலையில் கனகாம்பரம் வைத்து, அக்கா உட்கார்ந்திருந்தார். வாசிகசாலைக்காரர்கள் அழைத்து வந்திருந்தார்கள். பேச்சின் நடுவில் பார்த்துவிட்டேன். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை, அவரைப் பார்த்துக்கொண்டேதான் மீதியையும் சொன்னேன். கொடுமை என்று தெரிந்தேதான் செய்தேன்.

கேள்வி நேரத்தில் அக்கா எழுந்தார். ஒலிவாங்கி வேண்டாம் என்று கையால் விலக்கினார். மலையின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குச் சத்தம் கொடுத்துப் பழகிய தொண்டை அது.

"அந்த அச்சாபீஸுக்குப் போன பைத்தியம் நான்தாங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் சொல்லணும். எழுப்பத் தெரியாதவங்க கொளுத்தப்படாது."

சொல்லிவிட்டு உட்காரவில்லை. நடந்து வெளியே போனார். கூட்டத்தின் தலைவர் இரண்டு தரம் செருமிவிட்டு நன்றியுரைக்குப் போய்விட்டார். தேத்தண்ணி கொடுத்தபோது என்னிடம் ஒருவரும் நாவலைப் பற்றிப் பேசவில்லை, மழையைப் பற்றித்தான் பேசினார்கள்.

அதற்கப்புறம் ஐந்து மாதம் அவரைக் காணவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுக் கதவைத் தட்டினார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. வாசற்படியில் நின்றபடியே சொன்னார்.

"உங்க கதிரேசன் வந்துட்டான் சேர்."

எனக்குப் புரியவில்லை.

"அந்தப் புள்ளைக்குப் பேசி வச்ச பையன். கணேசன். நேத்துக் கோச்சியில வந்து எறங்கிட்டான். ஆமிக்காரங்க ரவுண்டப்புல சந்தேகத்துல புடிச்சு உள்ள வச்சிருந்திருக்காங்க. ஒரு கடுதாசி போட வழியில்லாம கெடந்திருக்கான். பாதி ஆளா வந்திருக்கான். எறங்குனதும் நேரா எங்க லயத்து வீட்டுக்குத்தான் வந்தான்."

"நல்லதாப் போச்சே அக்கா. அந்தப் பொண்ணு என்ன சொல்லுது?"

"அதைத்தான் போன மாசம் நோட்டன் பிரிட்ஜுல என் அண்ணன் மகனுக்குக் கட்டிக் குடுத்தாச்சே. அந்தப் புள்ள என் மகதான் சேர். விஜி."

அவர் அழவில்லை, கத்தவில்லை. "நீங்க உள்ளதை உள்ளபடி எழுதுறவராச்சே, அதான் உள்ளதச் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார். படியிறங்கும்போது திரும்பிப் பார்த்து, "ஒரு பக்கம் சேர். ஒரே ஒரு பக்கம்" என்றார். என் அம்மா உள்ளேயிருந்து யாருடா அது என்று கேட்டார். தெரியாதவர் என்று சொன்னேன்.

அன்றைக்குத் தொடங்கிய வேட்டையை அவர் சாகும்வரை விடவில்லை. பஸ் ஸ்டாண்டில், தேர்த் திருவிழாவில், ஆஸ்பத்திரி வரிசையில், எங்கே கண்டாலும் "இன்னைக்கு யாரைக் கொன்னீங்க?" என்றுதான் ஆரம்பம். என் சிறுகதை ஒன்றுக்குப் பரிசு கிடைத்தபோது, பஸ்ஸில் அத்தனை பேருக்கும் கேட்க, "பரிசு குடுத்தவங்க கடைசிவரைக்கும் படிச்சாங்களா சேர்?" என்றார். அவருக்குப் பயந்தே, எவரும் சாகாமல் இரண்டாவது நாவலை எழுதினேன். அதையும் வாசிகசாலையில் எடுத்துப் படித்துவிட்டு வந்து சொன்னார்: "இதுல ஒருத்தரும் சாகல. ஒருத்தரும் உசுரோடயும் இல்ல." விமரிசகர்கள் பத்துப் பக்கத்தில் சொன்னதை ஒரே மூச்சில் சொன்ன வயிற்றெரிச்சலில் நான் மூன்றாவது நாவல் எழுதவே இல்லை.

மலையில் வேலை செய்த பெண்களிடமும் அவர் தயவு தாட்சண்யம் பார்த்ததில்லை என்பது உங்களுக்குத் தெரியும். பிள்ளைத்தாய்ச்சிக்கும் முற்றின இலையைக் கழித்துத்தான் நிறுத்தார். "வயித்துல புள்ள இருந்தா கையில கண்ணு இருக்காதா?" என்று கேட்டவர். ஆனால் விஜியின் புருஷன் குடித்துவிட்டுக் கை நீட்டுகிறான் என்று கேள்விப்பட்ட நாட்களில் மட்டும் அவர் யாரையும் ஏசவில்லை, பேசவே இல்லை என்று அவர் மலையில் வேலை செய்த பெண்கள் சொன்னார்கள். அந்த மாதிரி நாட்களில் என்னைக் கண்டால் மட்டும் பேசுவார். "அடி வாங்குறது உங்க கதையில இல்லையே சேர், சேத்துக்குங்க" என்பார். நான் தலையைக் குனிந்துகொண்டு பஸ்ஸில் ஏறிவிடுவேன்.

பதில் சொல்லியிருக்க முடியாதா? முடியும். ஒரு கதையைக் கேட்டுத் தன் கல்யாணத்தை முடிவு செய்த மகளைக் கேளுங்கள், என்னை ஏன் கேட்கிறீர்கள் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்திருக்கிறது. சொல்லாமல் விட்டேன். அது கருணை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன், ஆனால் வெறும் பயம்தான்.

போன வருஷக் கடைசியில் அவர் படுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். நெஞ்சுவலி, காலில் வீக்கம். அன்று பிற்பகல் உட்கார்ந்து அந்தப் பக்கத்தை எழுதினேன். பதினாறு வருஷம் தள்ளிப்போட்ட கால் மணி நேர வேலை நாலு மணி நேரம் பிடித்தது. ஒரு பக்கம் நாலு பக்கமாகிவிட்டது. கதிரேசன் வருகிறான், வெந்த கையை முந்தானையால் மூடிப் பிடித்துக்கொள்கிறாள் அவள். அழுதுகொண்டே எழுதினேன், மறைப்பதற்கு ஒன்றுமில்லை. மறுநாள் அதை எடுத்துக்கொண்டு லயத்துக்குப் போனேன். அக்கா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கன்னம் ஒட்டிப் போயிருந்தது, கண் மட்டும் அதே கங்காணிக் கண்.

"வாசிங்க" என்றார்.

வாசித்தேன். கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும் இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். இரண்டாம் தரம் வாசிக்கையில் அவர் உதடு அசைவதைப் பார்த்தேன். பிடித்துவிட்டது என்றே நினைத்தேன். முடித்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன்.

"நல்லாருக்கு சேர்" என்றார். "ஆனா நேத்துக் கொழுந்த இன்னைக்கு நிறுக்க மாட்டாங்க."

தாள்களைக் கையில் வாங்கி நாலாக மடித்து, சூடாக வந்த தேத்தண்ணிக் கோப்பைக்கு அடியில் வைத்தார். "குடிங்க, ஆறிரும்" என்றார். குடித்துவிட்டு வந்தேன். அதுதான் கடைசி. அதற்குப் பிறகு விஜி அவரைத் தன்னோடு நோட்டன் பிரிட்ஜுக்குக் கொண்டுபோய்விட்டாள்.

அடக்கத்துக்குப் போயிருந்தேன். மழை விட்டிருந்தது. நோட்டன் பிரிட்ஜிலிருந்து கொண்டுவந்து பழைய லயத்து வாசலில் பெட்டியை வைத்திருந்தார்கள். கணேசன் வந்திருந்தார், கொத்மலைப் பக்கம் குடும்பத்தோடு இருக்கிறாராம். பெட்டிக்கு ஒரு பக்கம் தோள் கொடுத்தார். விஜியின் புருஷன் தள்ளாடிக்கொண்டு பின்னால் வந்தான். மண் போட்டு முடித்து எல்லோரும் கால் கழுவிக்கொண்டிருந்தபோது விஜி என்னிடம் வந்தாள். நாற்பதை நெருங்கிவிட்டாள், இடது புருவத்தில் ஒரு பழைய தழும்பு.

பதினேழு வருஷமாகச் சொல்லாததை அங்கே சொன்னேன். "என்ன மன்னிச்சிரும்மா. நான் அந்தப் பக்கத்தை அன்னைக்கே எழுதிக் குடுத்திருந்தா நீ காத்திருந்திருப்ப."

அவள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் காத்திருக்கேன்னுதான் சேர் சொன்னேன்."

"என்னது?"

"எத்தன வருஷம் ஆனாலும் இருப்பேன்னு சொன்னேன். உங்க கத முடிஞ்ச அன்னைக்கு மலையில நானும்தான் இருந்தேன். கதையில ஒருத்தன் செத்தா அவன் ஏன் சாகணும்னு எனக்குத் தோணிச்சு, அவ்வளவுதான். அம்மாவுக்குத்தான் தாங்கல. அன்னையில இருந்து தூக்கமில்ல. அச்சுலயே போட்டுட்டாங்களேடி, அச்சுலயே போட்டுட்டாங்களேன்னு பொலம்புனாங்க. உங்ககிட்ட வந்துட்டுப் போன அன்னைக்கு வீட்டுக்கு வந்து ஒண்ணும் பேசல. மறுநாளே மாமா வீட்டுக்கு வாக்குக் குடுத்துட்டாங்க. நான் கால்ல விழுந்து அழுதேன்."

"அப்ப, வீட்டுல நெருக்குறாங்கன்னு சொன்னது..."

"வீட்டுல வேற யாரு சேர் இருந்தா? அப்பா நான் சின்னப் புள்ளையா இருக்கையிலயே போயிட்டாரு. நெருக்குனதும் அவங்கதான், காத்திருக்கணும்னு துடிச்சதும் அவங்கதான். அந்தப் பக்கம் எனக்கு வேணாம் சேர். அம்மாவுக்குத்தான் வேண்டியிருந்துச்சு."

எனக்கு உட்கார வேண்டும்போல இருந்தது. உட்காருவதற்கு அங்கே மண்மேடுதான் இருந்தது.

"கணேசன் வந்த அன்னைக்கு அம்மா எனக்கு ஆள்விட்டுச் சொன்னாங்க. நான் ஓடி வந்தேன். என் மூஞ்சியப் பாக்கல. 'அந்த வாத்தியாரு கொன்னுட்டான்டி, அந்த வாத்தியாரு கொன்னுட்டான்டி'ன்னு செவுத்தப் பாத்துச் சொல்லிட்டே இருந்தாங்க. ஆமாம்மா, அவருதான்னேன். இல்லேன்னு சொன்னா அம்மா அன்னைக்கே செத்திருப்பாங்க. அப்புறம் வருஷக்கணக்கா நானும் அதையேதான் சொன்னேன். உங்கள ஒரு வார்த்த கேக்காமலே. நீங்கதான் என்னை மன்னிக்கணும் சேர்."

இதையெல்லாம் எழுதலாமா என்று கேட்டேன். "எழுதுங்க. அம்மா யாரை விட்டு வச்சாங்க, அவங்கள மட்டும் விட்டு வைக்க?" என்றாள். பிறகு புருஷனைத் தேடிக்கொண்டு போனாள், அவன் எங்கேயோ விழுந்து கிடந்தான்.

இப்போது, அக்காவைத் தெரிந்த உங்களுக்கெல்லாம் ஒன்று சொல்ல வேண்டும். அவர் பஸ் ஸ்டாண்டில் என்னை ஏசும்போது நீங்கள் சிரித்திருக்கிறீர்கள். நானும் அவரைக் கொடுமைக்காரி என்று எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஒரு முழு ஆயுளுக்குத் தாங்க முடியாத ஒன்றைச் செய்துவிட்டு, அதை வைக்க இடம் தேடி அந்தப் பொம்பிளை ஒவ்வொரு தரமும் என்னிடம் வந்திருக்கிறார். நானோ என் மானம் போகிறதே என்று குடைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் நின்று வாங்கிக்கொண்டிருப்பேன். பஸ்ஸைக்கூட விட்டிருப்பேன்.

அவரிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொள்வது அவர் என்மேல் போட்ட பழி ஒன்றுதான். அதில் பாதி அம்மாவுடையது, அம்மாவோடயே போகட்டும், நீங்கள் இறக்கி வையுங்கள் என்று விஜி நேற்றுப் போனிலும் சொன்னாள். தர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.